தண்ணிக்குள்ள எழுதின முகம்

ஒரு சொல்லால கடலைப் பிளந்து, மறு சொல்லால அதை மூடினவருக்குத் தோத்திரம். என்னை மாதிரி ஒரு பிடி மண்ணையும் இத்தனை வருஷம் உதிர விடாம வெச்சிருக்கிறவருக்குத் தோத்திரம். ஆமென். இப்ப சொல்லு மருமகளே. அவர் பேரை எடுக்காம நான் எவர் பேரையும் எடுக்கிறதில்ல, அது உனக்குத் தெரிஞ்ச வழக்கம்தானே. அதான் உன்னைப் பாதிப் பேச்சுல நிக்க வெச்சுட்டு ஜெபத்தை முடிச்சேன். கோவிச்சுக்காதே.

என்ன? கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிப் பேசும்மா. நீ படத்தைப் பார்த்துப் பேசுற, சத்தமெல்லாம் செவுத்துக்குப் போகுது.

அப்பாவைக் காணோமா? கரையில தேடினா எப்படிக் கிடைப்பாரு? கீழே வா. இன்னும் கீழே. உடைஞ்ச தேர்ச் சக்கரம் ஒண்ணு மிதக்குது பாரு, அதுக்கு இடது பக்கம், நுரைக்கு நடுவுல. விரல் நகம் அளவு முகம். அதான் உங்கப்பா. முப்பத்தெட்டு வருஷமா அங்கதான் இருக்காரு. கடல் மூடிகிட்டே இருக்கு, அவரும் முழுகிகிட்டே இருக்காரு.

என்னது, கரையேறிட்டேன்னு சொன்னாரா? ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துகிட்டு? உங்க மாமா போன மாசமே என்னைக் கரையில எழுதிட்டாரு, போய்ப் பார்த்துட்டு வா தாயேன்னு உன்னை அனுப்பினாரா? அடடா. மூச்சை எண்ணிகிட்டு இருக்கிற மனுஷன் பேசுற பேச்சா இது. சரி சரி, அழாதே. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரு. முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்திருக்க, முகத்துல தூக்கம் அப்படியே இருக்கு. டாக்டர் என்ன சொன்னாரு? இன்னும் ரெண்டு நாள்தான் தாங்குமா. ம். ஆண்டவர் சித்தம்.

இரு, நீ கேக்க வந்தது எனக்குத் தெரியும். நீ சொல்ல சங்கடப்படுற, நானே சொல்லிடறேன். பின்னாடி கல்லறைத் தோட்டத்துல உங்கம்மா படுத்திருக்கா. அவளுக்குப் பக்கத்துல ஆறடி இடம் சும்மா கிடக்கு. அதுல உங்கப்பாவை வெக்கணும். ஆனா சபையில, படத்துல தண்ணிக்குள்ள இருக்கிற ஆளுக்குத் தோட்டத்துல இடம் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. மூப்பர் பிரஷ் எடுத்து அவரைக் கரையில எழுதினா மட்டும்தான் உண்டுன்னு சொன்னாங்க. மூப்பர் நான். அதானே? பார்த்தியா, வயசானாலும் இந்த மண்டை இன்னும் வேலை செய்யுது.

இந்த வழக்கத்தை ஏற்படுத்தினதே நான்தான்மா. நீ பிறந்த வருஷம் எழுதின படம் இது, ஆண்டவர் தன் ஜனத்தைக் கடல் நடுவுல நடத்திக் கரையேத்தி, துரத்தின படையை முழுக வெச்ச வேதக் கதை. இந்த மண்டபம் கட்டி முடிச்சப்ப, பிரசங்க மேடைக்குப் பின்னாடி செவுரு மொட்டையா இருக்கு, உங்க பட்டறையில ஒரு நகல் எழுதித் தாங்கன்னு சபை கேட்டுச்சு. அப்ப நாங்க மூணு பேர். வேத நிகழ்ச்சிகளை இயற்கைக் காட்சியா எழுதின பழைய பெரிய படங்களைக் கையால நகல் எடுக்கறதுதான் தொழில். பிரளயம் எழுதியிருக்கோம், நெருப்பு மழையில எரியற பட்டணங்கள் எழுதியிருக்கோம், இடிஞ்சு விழுற கோபுரம் எழுதியிருக்கோம். எல்லாத்துக்கும் மூலம் ஒரு தடிப் புத்தகம். ரெண்டு உள்ளங்கை அகலம்தான் படம். அதை நாங்க செவுரு அகலத்துக்கு ஆக்கணும்.

அந்த மாதிரிப் படங்கள்ல பத்துக்கு ஒன்பது பங்கு வானமும் தண்ணியும் மலையும்தான். மனுஷன் கடுகு. அதுதான் எனக்குப் பிடிச்சது. வானமும் தண்ணியும் என் வேலை. மலையும் பாறையும் இன்னொருத்தர், அவர் போய்ச் சேர்ந்துட்டாரு. கடுகு உங்கப்பா வேலை. அவருக்கு எறும்புன்னு பேர் வெச்சது நான்தான். எறும்பு அளவு ஆளுங்களை எழுதறதால. பூதக்கண்ணாடியைக் கண்ணுல மாட்டிகிட்டு, மூணே மயிர் வெச்ச பிரஷ்ல, மூச்சை அடக்கி எழுதுவாரு. அவர் எழுதின குதிரைக்குக் கண் இமை இருக்கும். மாப்பிள்ளை, அடுத்தது பேனுக்குக் கால் நகம் எழுதப் போறீரான்னு கேப்பேன். அதுக்கு அவர் என்ன சொல்வாரு தெரியுமா? மச்சான், உங்க மேகம் யாரு பெத்த புள்ளைன்னு யாரும் கேக்க மாட்டாங்க, என் ஆளுங்களுக்கு அப்பன் ஆத்தா இருக்காங்க, அதான் பார்த்துப் பார்த்து எழுத வேண்டியிருக்குன்னு சொல்வாரு. வாய்க்குக் குறைச்சல் இல்ல. என் தங்கச்சி அந்த வாய்லதான் விழுந்தா. நான் எனக்கு மேல ஒரு இடமாப் பார்த்து வெச்சிருந்தேன், அவ எனக்குக் கீழ உட்கார்ந்து எழுதறவரைக் கட்டிகிட்டா. போகட்டும். நான் அதைப் பெருசா எடுத்துக்கல.

இல்லம்மா, எடுத்துக்கல. சிரிக்காதே.

கரையில சபை ஆளுங்க முகத்தையே வெக்கலாம்னு யோசனை சொன்னது நான். மூலப்படத்துல கரையில நிக்கிறவங்களுக்கு முகமே தெரியாது, வெறும் புள்ளி. நான்தான் உங்கப்பாகிட்ட, இந்த மண்டபத்துல மண்டி போடுற ஒவ்வொருத்தரும் தன்னை மீட்கப்பட்ட ஜனத்துல பார்க்கணும், எழுதுங்கன்னு சொன்னேன். நாற்பத்தேழு பேர். ஒருத்தர் மூக்கு பாக்கியில்லாம எழுதினாரு. அப்புறம் வந்தவங்களை வருஷா வருஷம் நானே ஓரத்துல சேர்த்துகிட்டு வர்றேன், கூட்டம் மலையடிவாரம் வரைக்கும் போயிடுச்சு பாரு. என் கை அவர் கை மாதிரி வராது. புதுசா வந்தவங்க எல்லாம் உருளைக்கிழங்குக்குக் கண்ணு வெச்ச மாதிரி இருப்பாங்க. பரவாயில்ல, உருளைக்கிழங்கானாலும் கரையில இருக்குதே.

உங்கப்பா தண்ணிக்குள்ள போகக் காரணமான அந்தத் தப்பு உனக்குத் தெரியுமா? முழுசாத் தெரியாது, இல்ல? கேளு. நாங்க நேரா கேன்வாஸ்ல வரைய மாட்டோம். பெரிய டிரேஸ் பேப்பர்ல கோடு இழுத்து, கோட்டு மேல ஊசியால ஓட்டை ஓட்டையாக் குத்தி, அதைக் கேன்வாஸ் மேல விரிச்சுக் கரித்தூள் மூட்டையால தட்டுவோம். ஓட்டை வழியா இறங்கின புள்ளியைச் சேர்த்தா உருவம் வந்துடும். வானத்துக்கு ஒரு பேப்பர், கடலுக்கும் கரைக்கும் வேற பேப்பர். டிரேஸ் பேப்பர் ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்கும் பாரு, புரட்டிப் போட்டுட்டா வலது இடதாயிடும். அதனால விரிக்கறது எப்பவும் உங்கப்பா பொறுப்பு. மூலையில சின்னதா ஒரு அடையாளம் வெச்சிருப்பாரு, அதைப் பார்த்துதான் விரிப்பாரு.

இந்தப் படத்துக்கு வானப் பேப்பர் புரண்டு போச்சு. யாரும் கவனிக்கல. நான் அதுக்கு மேல மூணு மாசம் வானம் எழுதினேன். எழுதறப்ப ஏணி மேல மூக்கு முட்ட நிக்கிறோம், முழுசா எங்க தெரியும்? திரை விலக்கற அன்னைக்கு நூறு பேர் முன்னாடி துணி விழுந்துச்சு. ஒரு பாட்டுப் பாட ஆரம்பிச்சாங்க, பாதியில நின்னு போச்சு. ஏன்னா வானத்துல இருந்து இறங்குற வெளிச்சம், அந்த அக்கினித் தூண், துரத்திகிட்டு வந்த படை மேல விழுது. கரையில நிக்கிற சபை ஜனங்க தலைக்கு மேல கும்மிருட்டு, இடி மேகம். ஆண்டவர் எதிரி கட்சியில நிக்கறாரு. தெளிவா, அழகா, பன்னிரண்டு அடி அகலத்துக்கு. முன் வரிசையில ஒரு கிழவர் எழுந்திருச்சு, இது படமா, நம்ம மேல விட்ட சாபமான்னு கேட்டாரு. ஒரு குழந்தை சிரிச்சுது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேக்குது.

அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமைதான் என்னை மூப்பரா அபிஷேகம் பண்ணியிருந்தாங்க.

விசாரணை வெச்சோம். வெக்காம முடியுமா? மூப்பருங்க மூணு பேர் உட்கார்ந்தோம். பேப்பரைப் புரட்டிப் போட்டது யாரு, தெரியாம நடந்ததா, சபையைக் கேலி பண்ண நடந்ததா. விரிக்கறது அவர் வேலைங்கிறது ஊருக்கே தெரியும். கேட்டோம். அவர் வாயே திறக்கல. அப்பேர்ப்பட்ட வாய்! தலையைக் குனிஞ்சு நின்னாரு. நாங்க தள்ளி வெச்சோம். சபையில இருந்து, பட்டறையில இருந்து. வானத்தை நான் மறுபடி சுரண்டி, மறுபடி எழுதினேன். நீ இப்பப் பார்க்கற வெளிச்சம் அந்த ரெண்டாவது வெளிச்சம். கரை மேல சரியா விழுது பாரு. முதல் தடவையை விட நல்லா வந்திருக்கு, கோபத்துல எழுதினா கை நல்லா ஓடும்.

தண்ணிக்குள்ள அவர் முகத்தை யாரு எழுதினாங்கன்னா கேக்குற? அவர்தான். அவரைத் தவிர யாரால அவ்வளவு சின்னதா எழுத முடியும்? கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி இருக்கு மாப்பிள்ளைன்னு கூப்பிட்டேன். கரையில இருக்கிற உங்களை அழிச்சுட்டுத் தண்ணியில எழுதிட்டுப் போங்கன்னு சொன்னேன். கண்ணாடியை மாட்டினாரு. ஒரு பகல் பூரா எழுதினாரு. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். கிட்டப் போய்ப் பாரேன். மத்தவன் எல்லாம் வாயைப் பிளந்து கத்தறான், கையைத் தூக்கறான், குதிரைக்குக் கூட பல் தெரியுது. அவர் முகத்துல மட்டும் வாய் மூடியிருக்கு. அது திமிர். நான் திருத்தச் சொல்லியிருக்கணும், விட்டுட்டேன்.

அவருக்கு நேர் மேல கரையில ஒரு பொம்பள கைக்குழந்தையோட நிக்கறா, தெரியுதா? உங்கம்மா. அந்தத் துணி மூட்டையில வெள்ளைப் புள்ளி, அது நீ. உன்னையும் அன்னைக்குத்தான் எழுதினாரு. நான் சொல்லல, அவரா எழுதினாரு.

ஆமா, போன மாசம் வந்தாரு. அதுவும் உண்மைதான். பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுகிட்டு வந்தாரு. அந்தப் பூதக்கண்ணாடி ரெண்டு கண்ணையும் தின்னுடுச்சு, பாவம், எதிர்ல யானை நின்னாலும் தெரியாது. இதே இடத்துல நின்னு, மச்சான், நாள் கிட்ட வந்துடுச்சு, அவ பக்கத்துல என்னைப் படுக்க விடுங்க, ஒரு விரல் நகம் அளவு கரை போதும்னு கேட்டாரு. சரின்னேன். இப்பவே எழுதறேன் மாப்பிள்ளைன்னேன். பிரஷ் எடுத்தேன். கிண்ணத்தைச் சத்தம் வர மாதிரி நகர்த்தினேன். கரையில, உங்கம்மா பக்கத்துல, இங்க பாரு, இந்த இடத்துல, மெதுவா, கால் மணி நேரம் தேய்ச்சேன்.

வெறும் பிரஷ். சாயம் தொடவே இல்ல.

ஏன் அப்படிப் பார்க்கற? கண்ணு தெரியாதவருக்கு எழுதினா என்ன, எழுதாட்டி என்ன? ஆனா நான் ஒண்ணு மறந்துட்டேன். வெளிய போயும் விடாம நாற்பது வருஷம் பிரஷ் பிடிச்சவருக்குக் காது போதும். ஈர பிரஷ் கேன்வாஸ்ல வழுக்கும், சத்தமே வராது. காஞ்ச பிரஷ் சரக் சரக்குனு எலி பிராண்டற மாதிரி இழுக்கும். நான் தேய்க்க ஆரம்பிச்ச உடனே அவர் தலை லேசாச் சாய்ஞ்சுது. கேட்டுகிட்டே நின்னாரு. கால் மணி நேரமும் கேட்டாரு. நான் முடிச்சிட்டேன்னு சொன்னதும், சிரிச்சாரு மருமகளே. நல்லா எழுதியிருக்கீங்க மச்சான், உங்க கைக்கு ஆண்டவர் சுகம் கொடுக்கட்டும்னு சொல்லி, என் கையைத் தடவிப் பார்த்துப் பிடிச்சாரு. விரல்ல சாயம் இருக்கான்னு தடவினாரோ, பாசத்துல தடவினாரோ, எனக்குத் தெரியல. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுகிட்டுப் போயிட்டாரு. போய் உன்கிட்ட, எழுதியாச்சுன்னு சொல்லியிருக்காரு.

எனக்கு ஒரு மாசமாச் சோறு இறங்கல. திட்டியிருந்தா இறங்கியிருக்கும்.

என்னம்மா கேட்ட? பேப்பர் விரிச்ச தேதியா? பட்டறை நோட்டுல இருக்கும். ஏன்? ஓ. அது உன் பிறந்த நாளா. நீ பிறந்தப்ப விடிஞ்சதுல இருந்து பொழுது சாயற வரைக்கும் அப்பா பிரசவ அறை வாசல்லதான் நின்னாருன்னு உனக்குச் சின்ன வயசுல கதை சொன்னாரா. சொல்லியிருப்பாரு. அது உண்மைதான். அன்னைக்கு அவர் பட்டறைக்கே வரல.

பட்டறையில நான் மட்டும் இருந்தேன், நான்தான் விரிச்சேன். அவர் வர நேரமாகும்னு தெரிஞ்சுது, எனக்குப் பொறுமை இல்ல, மூலையில இருந்த அடையாளத்தைப் பார்க்கல, புரட்டிப் போட்டுட்டேன். இதுல என்னம்மா பெரிய ரகசியம், உங்கப்பாவுக்கு அன்னைக்கே தெரியும். விசாரணைக்கு முந்தின நாள் நானே அவரைக் கூப்பிட்டு, மாப்பிள்ளை, அபிஷேகம் பண்ணி ஒரு வாரம் ஆகல, என் எண்ணெய் இன்னும் காயல, ஆறு மாசம் நீங்க தாங்கிக்குங்க, அடங்கினதும் நானே கரையேத்தறேன்னு சொன்னேன். சரி மச்சான்னாரு. நீங்க குடியிருந்த வீடு என் சொல்லுக்காக சபை கொடுத்த வீடு, கையில பச்சைக் குழந்தை, வேற என்ன சொல்வாரு? ஆறு மாசம் ஆச்சு. அப்புறம் ஒரு வருஷம். ஒரு தடவை தள்ளிப் போட்டா, அப்புறம் அதைத் தொடறதுக்கே கை கூசும். நீயும் பெரிய மனுஷி, உனக்குப் புரியும்.

உட்காரு. கத்தாதே, இது ஜெப வீடு. நீ கேட்டு வந்ததைத் தரத்தான் போறேன்.

ஆமாம்மா, தர்றேன். சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டு, இதோ என் வேதப் புத்தகத்துக்குள்ளயே வெச்சிருக்கேன். உங்கப்பாவைக் கொண்டு வா. உங்கம்மா பக்கத்துலயே வெச்சுக்கோ. மூப்பர் மனசு இரங்கி மன்னிச்சாருன்னு சபைக்கு நானே சொல்லிக்கறேன். முகம் மட்டும் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். அதைக் கரைக்கு ஏத்தினா ஏன் ஏத்தினீங்கன்னு கேப்பாங்க. எனக்கும் நாள் அதிகம் இல்ல.

வாங்கிக்கோ. ஏன் கையை இழுத்துக்கற? பிடி.

போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போ. வேற யார்கிட்டயும் நான் சொன்னதில்ல. விசாரணை அன்னைக்கு உங்கப்பாவைக் கேட்டு முடிச்சு வெளிய அனுப்பிட்டு, உங்கம்மாவை உள்ள கூப்பிட்டோம். நான் கூப்பிடல, மத்த ரெண்டு மூப்பருங்கதான் கூப்பிட்டாங்க. நியாயஸ்தருங்க. பட்டறை நோட்டுல இருந்த தேதியைப் பார்த்து ஏதோ சந்தேகம் அவங்களுக்கு. உன்னைத் தோள்ல போட்டுகிட்டு வந்தா. குழந்தை பிறந்த அன்னைக்கு உன் புருஷன் எங்க இருந்தாரும்மான்னு கேட்டாங்க. அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். என் கூடத்தான் இருந்தாருன்னு ஒரே வார்த்தை. தண்ணியில இன்னைக்கு நான் இருந்திருப்பேன்.

என்னைப் பார்த்தா. நான் ஒண்ணும் சைகை காட்டல, வேதத்து மேல கை வெச்சு வேணா சொல்றேன். உன் முதுகைத் தட்டிகிட்டே, காலையில பட்டறைக்குப் போனாரு, சாயங்காலம்தான் வந்தாருன்னு சொன்னா. தெளிவாச் சொன்னா. தடுமாறக் கூட இல்ல. அண்ணன் விழுந்தா வீடு போயிடும்னு நினைச்சாளோ, அண்ணன் பாசமோ, கட்டிகிட்டவர் மேல அதுக்குள்ள சலிப்போ. நான் கேக்கல, அவளும் சாகற வரைக்கும் சொல்லல. வீட்டுக்குப் போய் அவர்கிட்ட, நான் உண்மையைச் சொன்னேன், அவங்க நம்பலைன்னு அழுதிருக்கா. அவர் தேத்தியிருக்காரு, பின்னாடி அவரே என்கிட்ட சொன்னாரு. வாய் மூடிகிட்டு இருந்தது தான் மட்டும்தான், அவ தனக்காகப் பேசினாங்கிற நினைப்புலதான் இத்தனை வருஷமும் இருக்காரு. அவ பக்கத்துல படுக்கணும்னு கேக்கறது அதனாலதான்.

அவருக்கு இது தெரியாது. உனக்குத் தெரிஞ்சிடுச்சு. ரெண்டு நாள் இருக்குங்கற. சொல்றதோ, சொல்லாம அவ பக்கத்துலயே புதைக்கறதோ, உன் இஷ்டம். நான் குறுக்க வர மாட்டேன்.

கிளம்பிட்டியா? சீட்டைக் கசக்காதே, மை கலைஞ்சா மறுபடி எழுதணும். இரு, தலையைக் குனி. வழியில பஸ் தடங்கலில்லாம கிடைக்கட்டும். உன் பிள்ளைங்க வாய் திறந்து பேசறவங்களா வளரட்டும். கடலைப் பிளந்து நடத்தினவர் உன்னையும், இந்தப் பேச்சு எட்டின ஒவ்வொரு காதையும், கால் நனையாம அக்கரை சேர்க்கட்டும். ஆமென்.